கறுப்பு பெல்ட்டுக்கு என்ன வயசு?



செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்குப் பக்கத்தில் சீயமங்கலம் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி வட்டத்தில் வரும் கிராமம் அது. அங்கே ஒரு பெரிய பாறையைக் குடைந்து, சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு சிவன் கோயில் அமைத்தான். ‘அவனிபாஜன பல்லவேஸ்வரம்’ என்று கல்வெட்டு அதற்குப் பெயர் சொல்கிறது.

அந்தக் குகைக் கோயிலின் முகப்பில் வாயிற்காவலர்கள் நிற்கிறார்கள். அவர்களையும் தாண்டி, இரண்டு ஓரங்களிலும் ஆயுதம் ஏந்திய போர் வீரர்களைச் செதுக்கி இருக்கிறார்கள். பல்லவர் காலத்து வீரன் எப்படி நின்றான் என்று பார்க்க ஆசையா? அங்கே போனால் பார்க்கலாம்.

அந்த வீரர்கள் என்ன பெல்ட்? மஞ்சளா, பச்சையா, கறுப்பா? சிரிக்காதீர்கள்! சண்டைக் கலை என்றாலே இன்று நமக்கு முதலில் ஞாபகம் வருவது பெல்ட்தானே!

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த ஊருக்குப் போனாலும், வெள்ளை உடை போட்ட வாண்டுகள் பள்ளி மைதானத்தில் ‘ஹா... ஹூ...’ என்று கத்திக்கொண்டு இருப்பார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கலர். வீட்டுக்கு வந்ததும் புலம்பல் ஆரம்பம்.

“அம்மா, அவனுக்கு எட்டு வயசுதான். பிளாக் பெல்ட் வாங்கிட்டான். எனக்குப் பதினொரு வயசு. இன்னும் பச்சையிலேயே இருக்கேன்!”

இந்த ஏக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். சில வீடுகளில் அப்பா, அம்மாவுக்கும் இருக்கும்! சரி... கறுப்பு பெல்ட் வாங்க உண்மையில் எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்? வாங்க, பார்ப்போம்.

பெல்ட் பிறந்த கதை

கறுப்பு பெல்ட்டைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ‘பழைய காலத்தில் எல்லாருக்கும் வெள்ளை பெல்ட்தான். அதைத் துவைக்கவே மாட்டார்கள். வியர்வையும் அழுக்கும் பட்டுப் பட்டு, பல வருடம் கழித்துக் கறுப்பாகி விடும். அதுதான் பிளாக் பெல்ட்!’

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், இது கட்டுக்கதை.

கறுப்பு பெல்ட்டைக் கொண்டு வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் ஜிகோரோ கானோ. ஜப்பான்காரர். சின்ன வயதில் ஒல்லியாக இருந்ததால், மற்ற பையன்களிடம் அடி வாங்கியவர். அதனால் தற்காப்புக் கலை கற்க ஆரம்பித்து, பழைய ஜுஜுட்சு கலையில் இருந்து ஆபத்தான பிடிகளை நீக்கி, ‘ஜூடோ’ என்ற புதிய கலையை உருவாக்கினார். 1882-ல் டோக்கியோவில் ‘கொடோகன்’ என்ற பயிற்சிக் கூடத்தை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 21!

மாணவர்கள் எந்த அளவுக்குக் கற்று இருக்கிறார்கள் என்று எப்படிக் காட்டுவது? அதற்கு ஒரு யோசனை செய்தார் கானோ. ‘கோ’ என்று ஒரு விளையாட்டு ஜப்பானில் உண்டு. சதுரங்கம் மாதிரி, மூளைக்கு வேலை தரும் பலகை விளையாட்டு. அதில் ஆட்டக்காரர்களை ‘டான்’ என்ற படிகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அதையே ஜூடோவுக்கும் எடுத்துக்கொண்டார்.

1883-ல் இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். ஒருவர் சைகோ ஷிரோ, இன்னொருவர் டோமிடா சுனேஜிரோ. சைகோவுக்கு அப்போது 17 வயது. டோமிடா அவரைவிட ஒரு வயது பெரியவர். அதாவது, உலகத்தின் முதல் டான் வாங்கிய இரண்டு பேருமே, இன்றைக்கு இருந்தால் பிளஸ் டூவோ, கல்லூரி முதல் வருடமோ படித்துக்கொண்டு இருப்பார்கள்!

சில ஆண்டுகள் கழித்து, டான் வாங்கியவர்களை அடையாளம் காட்ட கறுப்பு பெல்ட் வந்தது. அப்போது இரண்டே கலர்தான்... வெள்ளை, கறுப்பு. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் எல்லாம் ஜூடோ ஐரோப்பாவுக்குப் போன பிறகு பரவிய வண்ணங்கள்.

கராத்தே கதை வேறு. அது ஒகினாவா தீவில் வளர்ந்த கலை. அங்கிருந்து அதை டோக்கியோவுக்குக் கொண்டு வந்தவர் கிச்சின் ஃபுனாகோஷி. அவரும் பள்ளி ஆசிரியர்தான்! கானோவின் முறையைப் பார்த்து, 1924-ல் கராத்தேயிலும் முதல் முறையாக டான் கொடுத்தார்.

இன்னொரு விஷயம். முதல் டானுக்கு ஜப்பான் மொழியில் ‘ஷோடான்’ என்று பெயர். அப்படி என்றால், ‘ஆரம்பப் படி’ என்று அர்த்தம். நாம் கறுப்பு பெல்ட் என்றால் பரீட்சை முடிந்து ரிசல்ட் வந்துவிட்ட மாதிரி நினைக்கிறோம். அந்தப் பெயரை வைத்தவர்களோ, ‘இப்போதுதான் நீ பாடத்தையே ஆரம்பிக்கிறாய்’ என்று சொல்லி இருக்கிறார்கள்!

யாருக்கு எத்தனை வயது?

எல்லாக் கலைக்கும் பொதுவாக ஒரே வயது கிடையாது. ஒவ்வொரு கலைக்கும் தலைமை இடம் இருக்கிறது. அதுதான் முடிவு செய்யும். முதல் டான் அல்லது கறுப்பு பெல்ட் வாங்க, சில முக்கியமான தலைமை இடங்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது இது.

* கெண்டோ (ஜப்பானிய வாள் கலை; ஜப்பான் கூட்டமைப்பு): 13

* ஜூடோ (கொடோகன்): 14

* அய்கிடோ (டோக்கியோ அய்கிகாய்): 15

* டேக்வாண்டோ (தென்கொரியாவின் குக்கிவோன்): 15

* பிரேசிலிய ஜுஜுட்சு (சர்வதேசக் கூட்டமைப்பு): 19

பார்த்தீர்களா? எதிலுமே 8 வயது, 9 வயது இல்லை. இது குறைந்தபட்ச வயதுதான். அந்த வயது வந்துவிட்டால் பெல்ட்டைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். அதற்குரிய தேர்வில் ஜெயிக்க வேண்டும்.

பாதி சிவப்பு, பாதி கறுப்பு!

‘அப்படின்னா, டேக்வாண்டோவுல சின்னப் பசங்க இடுப்புல கறுப்பு தெரியுதே?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி!

15 வயது ஆகாதவர்களுக்கு, குக்கிவோன் ‘பூம்’ என்ற தனிச் சான்றிதழ் கொடுக்கிறது. அதற்கான பெல்ட் நீளவாக்கில் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பூம் வாங்கியவருக்கு 15 வயது ஆனதும், அதை டானாக மாற்றிக் கொள்ளலாம். நான்காம் பூம் வாங்கியவர் மட்டும் 18 வயது வரை காத்திருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளை நன்றாகக் கற்றுக்கொண்டால், அதற்கு மரியாதை உண்டு. ஆனால், பெரியவரும் சின்னவரும் ஒன்றல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறார்கள். பாதிக் கறுப்பின் அர்த்தம் இதுதான்.

அடுத்தடுத்த படிகளுக்கும் காத்திருப்பு உண்டு. முதல் பூமில் இருந்து இரண்டாவதுக்குக் குறைந்தது 1 ஆண்டு. இரண்டில் இருந்து மூன்றுக்கு 2 ஆண்டு. மூன்றில் இருந்து நான்குக்கு 3 ஆண்டு. எட்டாம் டானில் இருந்து ஒன்பதாம் டானுக்குப் போக 9 ஆண்டு! அம்மாடியோவ்!

கராத்தேயில் ஏன் குழப்பம்?

மேலே உள்ள பட்டியலில் கராத்தே இல்லை. கவனித்தீர்களா?

டேக்வாண்டோவுக்குக் குக்கிவோன் இருப்பது போல, கராத்தே முழுவதற்கும் பெல்ட் கொடுக்கும் ஒரே தலைமை இடம் கிடையாது. ஷோட்டோகான், கோஜு ரியு, ஷிட்டோ ரியு, வாடோ ரியு என்று பல பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் பல சங்கங்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு விதி. உலகக் கராத்தே கூட்டமைப்பு போட்டிகளை நடத்துகிறது. உங்கள் தெருவில் உள்ள வகுப்பில் யாருக்கு என்ன பெல்ட் என்று அது தீர்மானிப்பது இல்லை.

அதனால்தான், ஒரு சங்கத்தில் 16 வயது வரை ‘ஜூனியர் பிளாக் பெல்ட்’ மட்டும் கொடுப்பார்கள். இன்னொரு இடத்தில் 8 வயதிலேயே முழுக் கறுப்பு கட்டிவிடுவார்கள். இரண்டு பேர் இடுப்பிலும் கறுப்பு இருக்கும். ஆனால், இரண்டும் ஒரே அளவு கற்றதற்கான அடையாளமாக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை.

பிறகு எதற்கு உங்கள் பச்சையை அடுத்தவர் கறுப்போடு வைத்துப் பார்த்து அழ வேண்டும்? ஒரு பள்ளியின் மார்க்கை வேறு பள்ளியின் வேறு கேள்வித்தாள் மார்க்கோடு ஒப்பிடுவது மாதிரிதான் அது!

குழந்தைகளை ஒதுக்கி வைத்த கலை அல்ல கராத்தே. ஒகினாவாவில் இடோசு அங்கோ என்ற ஆசான், 1901-ல் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டு வந்தார். கடினமான பயிற்சிகளை எளிதாக்கி, மாணவர்களுக்காக ‘பினான்’ என்ற 5 கட்டாக்களை அமைத்தார். ஷோட்டோகான் பிரிவில் அவற்றுக்கு ‘ஹெயான்’ என்று பெயர். நீங்கள் கராத்தே வகுப்பில் ஹெயான் செய்கிறவரா? அப்படி என்றால், உங்களை மாதிரிப் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே யோசித்துச் செய்த பாடத்தைத்தான் படிக்கிறீர்கள்!

உதைக்கத் தெரிந்தால் போதாதா?

‘எனக்கு எல்லா கட்டாவும் தெரியும். தலை உயரத்துக்கு உதைப்பேன். வயசு எதுக்கு?’

காரணம் இருக்கிறது குட்டீஸ்.

முதல் காரணம், எலும்பு. உங்கள் கை, கால் எலும்புகளின் நுனிப் பக்கத்தில் ‘வளர்ச்சித் தட்டு’ என்ற மென்மையான பகுதி இருக்கிறது. எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். பெரும்பாலும் பெண்களுக்கு 14, 15 வயதிலும், ஆண்களுக்கு 16, 17 வயதிலும் அது கெட்டியான எலும்பாகிவிடும். அதற்கு முன் அங்கே பலமாக அடிபட்டால், அந்த எலும்பின் வளர்ச்சியே கோணலாகலாம், நின்றும் போகலாம். பெரியவர்கள் செங்கல்லையும் ஓட்டையும் உடைப்பதைப் பார்த்து நீங்களும் உடைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இரண்டாவது, தலை. சண்டைப் போட்டியில் தலையில் பட்டால் மூளை அதிரும். ‘அதுக்குத்தான் ஹெல்மெட் போடறோமே!’ என்பீர்கள். மெத்தை வைத்த அந்தத் தலைக்கவசம், மூளை அதிர்வைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் எச்சரித்து இருக்கிறது. அடி படாமல் செய்யும் பயிற்சி முறைகளையே பிள்ளைகளுக்கு அது சிபாரிசு செய்கிறது. அடி விழுந்தபின் தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால், உடனே விளையாட்டை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். ‘வீரன் அழமாட்டான்’ என்று மறைக்கக் கூடாது.

மூன்றாவது, பொறுப்பு. கறுப்பு பெல்ட் கட்டியவர் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டி வரும். யார் மேல் எவ்வளவு வேகத்தில் கை பட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எல்லாம் ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். கோபம் வரும்போது கையைக் கட்டிப் போடத் தெரிய வேண்டும். இது உதையைவிடக் கஷ்டமான பாடம். வயது கூடக் கூடத்தான் வரும்.

ஒரு கணக்குப் போடலாமா?

நோட்டை எடுங்கள். வாரத்துக்கு 2 வகுப்பு. ஒரு வகுப்பு 1 மணி நேரம். வருடத்துக்கு 52 வாரம். ஒரு வாரம்கூட விடாமல் போனால், வருடத்துக்கு 104 மணி நேரம். 3 வருடத்துக்கு 312 மணி நேரம்.

312 மணி நேரம் என்றால் எத்தனை நாள்? 24-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 13 நாள்!

பள்ளிக்கூடக் கணக்கில் சொல்லட்டுமா? ஒரு நாளைக்கு 6 மணி நேரம் பாடம் என்றால், 52 பள்ளி நாட்கள். அதாவது, 3 வருடம் கராத்தே கற்பது, இரண்டரை மாதம் பள்ளிக்குப் போவதற்குச் சமம்!

‘ஒரே வருஷத்துல பிளாக் பெல்ட்!’ என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், இந்தக் கணக்கைப் போடுங்கள். 104 மணி நேரம் என்றால், 17 பள்ளி நாட்கள் சொச்சம். 17 நாள் பள்ளிக்கு வந்தவனுக்கு ஹெட்மாஸ்டர் டி.சி.யில் ‘பாஸ்’ என்று எழுதிக் கொடுப்பாரா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது சந்தோஷமான கணக்கு. தினமும் வீட்டில் 20 நிமிடம் மட்டும் பயிற்சி செய்தால், வருடத்துக்கு 121 மணி நேரத்துக்கும் மேல் வருகிறது. வகுப்பில் கிடைப்பதைவிட இது அதிகம்! இதற்கு ஃபீஸ் கிடையாது.

சீயமங்கலம் கோயில் தூண் ஒன்றில், ஒரு காலைத் தூக்கி ஆடும் சிவனின் சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிகப் பழைய நடராஜர் சிற்பங்களில் அதுவும் ஒன்று. நீங்களும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள் பார்ப்போம். 1 நிமிடம் ஆடாமல் நிற்க முடிந்ததா? இப்போது கண்ணை மூடிக்கொண்டு... (பக்கத்தில் சுவர் இருக்கட்டும்!) தள்ளாடுகிறதா? தினமும் செய்து, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். உதைக்கும்போது உங்களைத் தாங்கி நிற்பது அந்த ஒற்றைக் கால்தான்!

பெல்ட்டே இல்லாத வீரர்கள்

நம் ஊர்ச் சிலம்பத்தில், பரம்பரை முறையில் பெல்ட் கிடையாது. சேர்ந்த அன்றே கம்பைச் சுழற்றவும் விடமாட்டார் ஆசான். முதலில் காலடிப் பாடம். எந்தக் காலை எங்கே வைப்பது, எப்படித் திரும்புவது என்று கால் பழகிய பிறகுதான் கம்பு வீச்சு. ‘இவன் எந்த அளவு கத்துக்கிட்டான்’ என்பது, அவன் காலை எடுத்து வைக்கும்போதே ஊருக்குத் தெரிந்துவிடும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில், சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது.

கேரளத்துக் களரிப்பயட்டிலும் அப்படித்தான். அங்கே நான்கு நிலைகள். மெய்த்தாரி என்பது உடம்பைப் பழக்குவது. கோல்த்தாரி, மர ஆயுதங்கள். அங்கத்தாரி, வாள் போன்ற உலோக ஆயுதங்கள். நான்காவது, வெறுங்கை. எந்த ஆயுதத்தைக் கையில் கொடுத்து இருக்கிறார்கள் என்பதுதான் அங்கே அடையாளம்.

வடகரையில் உள்ள மீனாட்சி அம்மாவைக் கேள்விப்பட்டு இருக்கிறீர்களா? 7 வயதில் களரி கற்க ஆரம்பித்தவர். வளர்ந்து குருக்கள் ஆகி, எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2017-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது, 70 வயதைத் தாண்டியவர். இன்னொரு தடவை படியுங்கள்... 7 வயதில் ஆரம்பம், 70-க்கு மேலும் பயிற்சி! நடுவில் எந்த வருடத்தில் அவருக்குக் கறுப்பு பெல்ட் கொடுத்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?

செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்குத் தேசிங்கு ராஜாவைத் தெரியும். ஆற்காடு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714-ல் போரில் உயிரை விட்ட இளைஞன். வயது சுமார் 22. யுனெஸ்கோ 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. அந்தக் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் தேசிங்கின் கதையைப் பாட்டாகவும் கூத்தாகவும் ஜனங்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். அவன் துணிச்சலும் குதிரையும்தான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

சேரும் முன் கேளுங்கள்!

கராத்தேயோ, டேக்வாண்டோவோ, சிலம்பமோ... ஏதாவது ஒன்று கற்பது ரொம்ப நல்லது. உடம்புக்கு நல்லது. தைரியம் வரும். சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவியருக்குத் தற்காப்புக் கலைப் பயிற்சி கொடுத்தபோது, அதில் பெல்ட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆபத்து வந்தால் தப்பிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

வகுப்பில் சேரும் முன், அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு போய் மாஸ்டரிடம் மரியாதையாக இவற்றைக் கேளுங்கள்.

1. உங்கள் பயிற்சிக் கூடம் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தது? சான்றிதழை யார் கொடுப்பார்கள்?

2. கறுப்பு பெல்ட்டுக்குக் குறைந்தபட்ச வயது என்ன? எத்தனை வருடப் பயிற்சி வேண்டும்?

3. ஒவ்வொரு பெல்ட் தேர்வுக்கும் எவ்வளவு கட்டணம்? மொத்தமாக எவ்வளவு ஆகும்? (முதலிலேயே தெரிந்துகொண்டால், பிறகு அப்பா கடன் வாங்க வேண்டி இருக்காது.)

4. தேர்வில் தோற்றவர்கள் உண்டா? (பணம் கட்டிய எல்லாரும் எல்லாத் தடவையும் பாஸ் என்றால், அது தேர்வே இல்லை!)

5. அடிபட்டால் முதலுதவிக்கு என்ன ஏற்பாடு?

நல்ல மாஸ்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சந்தோஷமாகப் பதில் சொல்வார். அப்பா, அம்மா வகுப்பைப் பார்க்க வந்தாலும் தடுக்க மாட்டார்.

கை மேல் பைக் ஏற்றுவது, வயிற்றில் கல்லை வைத்து உடைப்பது, தலையால் ஓடு உடைப்பது... இவை எல்லாம் தற்காப்புக் கலை அல்ல. யார் சொன்னாலும், ‘மாட்டேன் சார்’ என்று சொல்லுங்கள். பயிற்சி என்ற பெயரில் யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டாலோ, அடித்துக் காயப்படுத்தினாலோ, ‘வீட்ல சொல்லாதே’ என்றாலோ, அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் போன் செய்யலாம், காசு கிடையாது.

‘நான் ஏற்கனவே வாங்கிட்டேனே!’

‘எனக்கு 9 வயசு. போன வருஷமே பிளாக் பெல்ட் கொடுத்துட்டாங்க. அப்ப அது வேஸ்ட்டா?’ என்று யாராவது முகம் வாடுகிறீர்களா?

இல்லவே இல்லை. விடியற்காலையில் எழுந்து, மழையிலும் வெயிலிலும் போய்ப் பயிற்சி எடுத்தது நீங்கள்தான். அது எங்கேயும் போகாது. ஆனால், ‘பிளாக் பெல்ட் வாங்கியாச்சு... முடிஞ்சது’ என்று உடையை மடித்து பீரோவில் வைத்து விடாதீர்கள். ஷோடான் என்றால் ஆரம்பப் படி என்று படித்தோமே! 15, 16 வயது வரை தொடர்ந்து பயிற்சி செய்யுங்கள். அப்போது ஒரு நல்ல ஆசான் முன்னால் மறுபடியும் தேர்வுக்கு நில்லுங்கள். நீங்களே உங்களுக்கு மார்க் போட்டுக்கொள்ளலாம்.

பச்சை பெல்ட்டோடு காத்திருக்கும் பதினொரு வயதுக்காரர்களே... உங்கள் மாஸ்டர் ‘இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்’ என்று சொன்னால், காரணத்தைக் கேளுங்கள். ‘உன் நிலை இன்னும் சரியாகல, திரும்பும்போது இடது கால் தள்ளாடுது’ என்று சொன்னால், அவர் உங்களைக் கவனித்துப் பார்க்கிறார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட மாஸ்டர் கிடைப்பது அதிர்ஷ்டம். அவரை விட்டுவிட்டு, சீக்கிரம் பெல்ட் கொடுக்கும் இடத்துக்கு ஓடாதீர்கள்.

பள்ளியில் ஒரு பெரிய பையன் சின்னவனின் டிபன் பாக்ஸைப் பிடுங்குகிறான். நீங்கள் கை ஓங்காமல், பயப்படாமல், நடுவில் போய் நிற்கிறீர்கள். ‘கொடுத்துடுடா’ என்கிறீர்கள். அவன் கொடுக்கிறான். அந்த இடத்தில் உங்கள் இடுப்பில் பள்ளி யூனிபார்ம் பெல்ட்தான் இருக்கும். அதற்கு 15 வயது வரை காத்திருக்க வேண்டாம் குட்டீஸ். இன்றைக்கே கட்டிக் கொள்ளலாம்!

சரி, சரி... படித்தது போதும். ஒற்றைக் காலில் 1 நிமிடம் நில்லுங்கள். ஸ்டார்ட்!